சங்கிலியைக் கழற்றிவிட்டுப் பல்லைப் பார்

மஹியாவ,
கண்டி.
25.3.1982

அன்பு மகள் பேச்சியம்மாவுக்கு அப்பா பழனியாண்டி எழுதிக்கொள்வது. கதிர்காமத்தான் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அம்மா மூக்காயியும் தங்கச்சி கமலமும் அவள் மகன் யோகுவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம். அங்கே கோத்தகிரித் தோட்டத்தில் நீயும் மாப்பிள்ளை சின்னமுத்துவும் கைக்குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். பேத்தி புஷ்பா சுகமா என்று மட்டும் வழக்கம்போல் எழுதக் கை வரவில்லை, அதற்குத்தான் இந்தக் கடிதமே. இது வருவதற்கு முன்னால் என் தந்தி உனக்குக் கிடைத்திருக்கும். தோட்ட ஆபீசில் இருந்து தந்தி என்று ஆள் வந்ததும் அப்பா செத்துப்போய்விட்டார் என்று லயத்து வீடுகளே கூடி அழுதிருப்பீர்கள். நான் சாகவில்லை. புஷ்பாவைப் பல் டொக்டரிடம் காட்டு, தாமதிக்காதே என்றுதான் தபால் கந்தோர் ஐயாவிடம் சொல்லி இங்கிலீசில் அடித்தேன். அதை அங்கே எப்படிப் படித்துச் சொன்னார்களோ, பிள்ளைக்குக் கன்னம் வீங்கியிருக்கிறது, கிழவன் பல்லைப் பார்க்கச் சொல்கிறானே, புத்தி பிசகிவிட்டதா என்று உன் மாமியார் கேட்டிருப்பார்கள். தந்தியில் காரணம் எழுத இடமில்லை, அதை இங்கே எழுதுகிறேன், பெரிய கடிதமாகத்தான் வரும். ஆனால் முழுவதையும் படித்துவிட்டுப் போகலாம் என்று உட்காராதே. புஷ்பா இன்னும் டொக்டரைப் பார்க்கவில்லை என்றால் இந்த இடத்திலேயே மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பிள்ளையோடு பஸ் ஏறு, மிச்சத்தை ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து படி.

உன் கடிதம் இன்று காலை கடைக்கு வந்தது. ஹலீம் முதலாளியின் கடை விலாசத்துக்கே நீ எழுதுவதால் சரக்கு நிறுக்கிற இடத்தில் நின்றபடியேதான் நான் படிப்பது. புஷ்பாவுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்ததையும், கராம்பு நசுக்கி வைத்ததையும், பிள்ளை அழுது அழுது ஓய்ந்ததையும், பிறகு வலி தானாகவே நின்றுபோனதையும் எழுதியிருந்தாய். நின்றுவிட்டது என்று நீ சந்தோஷமாக எழுதிய இடத்தில்தான் நான் எடைக்கல்லைக் கீழே வைத்தேன். அடுத்தபடியாக, இப்போது வலது கன்னம் மட்டும் வீங்கியிருக்கிறது, காய்ச்சலும் இருக்கிறது, பொன்னுக்கு வீங்கி என்று மாமியார் சொல்லிவிட்டார்கள், என் தாலிச் சங்கிலியைப் பிள்ளை கழுத்தில் போட்டிருக்கிறேன், வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறோம், ஊசி போடக் கூடாதாம், மெல்ல முடியவில்லை என்பதால் பானகமும் சீனிப் பாலும் போத்தலில் கொடுக்கிறேன், தங்கம் பட்டால் இறங்கிவிடும், பயப்படாதீர்கள் அப்பா என்று முடித்திருந்தாய். அதைப் படித்ததும் தராசுத் தட்டில் கிடந்த பருப்பு யாருக்கு நிறுத்தது என்றே எனக்கு மறந்துவிட்டது. முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன பழனி, ஆரும் மௌத்தா என்று கேட்டார். இல்ல முதலாளி, பேத்திக்குப் பல்லு என்றேன். அவர் யோகு பட்ட பாட்டைப் பார்த்தவர், உடனே என்னைத் தந்தி கொடுக்க அனுப்பிவிட்டு அவரே தராசில் போய் நின்றார்.

யோகுவின் பாடு என்ன என்று நீ கேட்பாய். உனக்கு அதை எழுதவில்லை. தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குச் சுகக்கேட்டை எழுதாதீங்க, கடல் தாண்டி வந்து பார்க்கவா போறா, கெடந்து மறுகுவா என்று உன் அம்மா சொன்னாள். நம் வீடுகளில் எல்லாரும் அப்படித்தானே, பிள்ளை செத்துப் பிழைத்தாலும் அனைவரும் நலம் என்றுதான் எழுதுவோம். இப்போது அதே உன் அம்மா, எல்லாத்தையும் எழுதுங்க, ஒண்ணையும் விட்றாதீங்க என்று என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், எழுத்துத் தெரியாவிட்டாலும் நான் எதையாவது விழுங்குகிறேனா என்று என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறாள். ஆகையால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

கமலம் விடிவதற்கு முன்னாலேயே முனிசிப்பல் வேலைக்கு ரோடு கூட்டப் போகிறவள். அவள் புருஷனுக்குக் கொழும்பில் வேலை. பையன் எழுந்து அழக் கூடாது என்று டின்பால் கரைத்த போத்தலை வாயில் வைத்துவிட்டுப் போவாள், அவன் அதைச் சப்பிக்கொண்டே தூங்குவான். ஐந்து வயதாகியும் போத்தலை விடவில்லை. பகலில் உன் அம்மா தேத்தண்ணி கொடுக்கும்போது கையில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் கொடுப்பாள், நம் ஆட்களுக்கு அது இல்லாமல் தேத்தண்ணி இறங்காதே. யோகு அதைக் கடிக்காமல் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு மத்தியானம் வரைக்கும் கரைத்துக்கொண்டே திரிவான். முன் பற்கள் எல்லாம் கரிக்கட்டை மாதிரி ஆகிவிட்டன. நான் ஏதாவது சொன்னால், விழப்போற பல்லுதானேப்பா, விழுந்தா புதுசு மொளைக்கும் என்று கமலம் சிரிப்பாள். அப்புறம் கீழ்த் தாடைப் பல்லில் வலி வந்தது. கராம்பு வைத்தோம், உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னோம். வலி நின்றது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி, தைப்பொங்கல் அன்று சர்க்கரைப் பொங்கலைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் ஒரு காலையில் அவனுடைய இடது கன்னம் உப்பியிருந்தது. பக்கத்து வீட்டு ரத்தினம்மா வந்து பார்த்துவிட்டு, இது பொன்னுக்கு வீங்கிதான், தங்கத்தப் போடுங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி ஊசி கீசி போட்டுறாதீங்க, ஆத்தா கோவிச்சுக்குவா என்று சொன்னாள். உன் அம்மா தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு சங்கிலியைக் கழற்றி யோகு கழுத்தில் இரட்டைச் சுற்றாகப் போட்டாள். மஞ்சளும் சந்தனமும் அரைத்துப் பூசினோம். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, ஆனால் இந்த வீட்டில் என் பயத்துக்கு என்ன மரியாதை என்று உனக்குத் தெரியாதா. இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் பாய் விரிக்கிற மனுசன் என்று பெயர் எடுத்தவன் நான். நீயே எத்தனை தடவை சிரித்திருக்கிறாய். ஆகவே இதுவும் என் வழக்கமான பயம்தான் என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு கடைக்குப் போனேன்.

வீக்கம் இறங்கவில்லை மகளே. கன்னத்தில் இருந்தது தாடைக்குக் கீழே வந்து கழுத்தை அடைத்துவிட்டது. தோல் சிவந்து பளபளத்து, தொட்டால் சுட்டது. வாயைத் திறக்க முடியவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் ஓரத்தில் வழிந்தது, வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரிப் பேசினான். படுக்க வைத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தபடியே முன்னால் சாய்ந்து கிடந்தான். கடையில் இருந்து சாப்பிட வந்த நான் அந்தக் கோலத்தைப் பார்த்ததும் சாப்பாட்டை விட்டுவிட்டு முதலாளி வீட்டுக்கு ஓடினேன். முதலாளியின் சம்சாரம் பாயிஸாதான் வெளியே வந்தார். புள்ளய வேன்ல ஏத்துங்கொ, நிண்டு கதைக்க நேரமில்ல என்று சொல்லி டிரைவரையும் அனுப்பினார். பேராதனைப் பல் ஆஸ்பத்திரியை நெருங்கும்போது யோகுவுக்குக் கண் மேலே சொருகியது. கமலம் தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கதறினாள். எனக்கு அழுகையே வரவில்லை, அவனுடைய நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், கண்ணை எடுத்தால் நின்றுவிடும் என்று பயம்.

பல் ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் நோனா உடனே வந்து பார்த்தார், சிங்கள அம்மா, தமிழ் கொஞ்சம்தான் வரும். உன் அம்மா, பொன்னுக்கு வீங்கிங்க நோனா, பொன்னுக்கு வீங்கிங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த அம்மா யோகுவின் வாயை விரல் நுழையும் அளவுக்கு விலக்கி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இல்லை, பல்லு, பல்லு என்றார். அதற்குள் கழுத்தில் இருந்த சங்கிலி பெரிய தொந்தரவாகிவிட்டது. வீக்கத்தில் இரண்டு சுற்றும் சதைக்குள் புதைந்து கொக்கி இருந்த இடமே தெரியவில்லை. கழற்ற முடியாது, வெட்ட வேண்டும் என்றார்கள். உன் அம்மா நர்ஸ் மிஸ்ஸின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தாலி கெடந்த சங்கிலிங்க, அத வெட்டுனா எம் புருசனுக்கு ஆகாது என்று அழுதாள். அவர்களுக்கு அது விளங்கவில்லை, நேரம் போகிறது என்று சத்தம் போட்டார்கள். பிள்ளை கர்கர் என்று மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான். பெரிய மனிதர்கள் முன்னால் நான் வாய் திறந்தது கிடையாது, கூப்பன் கடையில் அரிசி குறைத்து அளந்தால்கூடக் கும்பிடு போட்டு வாங்கி வருகிறவன். அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ, வெட்டுங்க மிஸ், அந்தப் புருசன் நாந்தான், நாந்தான் சொல்றேன், வெட்டுங்க என்றேன். உன் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். ஒரு ஆள் சின்னக் குறடு கொண்டுவந்தார். நான் யோகுவின் தலையைப் பிடித்துக்கொண்டேன். வெட்டி எடுத்ததும் உடனே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

மயக்கம் கொடுத்துத் தாடைக்குக் கீழே வெளிப்பக்கமாகக் கீறிச் சீழை எடுத்து ரப்பர் குழாய் வைத்தார்கள். கெட்டுப்போன பற்களைப் பிடுங்கினார்கள். ஒரு பல்லின் வேரில் இருந்தா இவ்வளவும் என்று எனக்கு இன்றைக்கும் நம்ப முடியவில்லை. யோகு பிழைத்தான். தாடைக்குக் கீழே தழும்பு இருக்கிறது, பார்க்கிறவர்கள் விழுந்துவிட்டானா என்று கேட்பார்கள். அவனுக்கு அடுத்த கட்டிலில் தெல்தெனியப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை ஒன்று இருந்தது, அதுவும் பல்தான், எங்களை விடத் தாமதித்துக் கொண்டுவந்தார்களாம். அந்தத் தாய் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவாள், நானும் ஆட்டுவேன், பாஷை தெரியாதவர்கள் வேறு என்ன செய்வது. ஒரு காலையில் நான் தேத்தண்ணிப் போத்தலோடு போனபோது அந்தக் கட்டிலில் துணி மாற்றி விரித்திருந்தது. எங்கே என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு டொக்டர் நோனா ஒரு தமிழ்ப் பையனைக் கூப்பிட்டு எங்களுக்கு விளக்கச் சொன்னார். பல் டொக்டருக்குப் படிக்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பொறுமையான பிள்ளை. வலி நிண்டுட்டுது எண்டால் பல் சுகமாகிட்டுது எண்டு நினைக்காதேங்கோ, உள்ளுக்கு நரம்பு செத்துப்போச்சுது, கிருமி வேருக்கு இறங்கிட்டுது எண்டுதான் அர்த்தம் என்று அவர் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். நிஜமான பொன்னுக்கு வீங்கி காதுச் சோணையின் அடியில் வீங்கிக் காதை மேலே தள்ளுமாம், அநேகமாய் இரண்டு பக்கமும் வருமாம், பல்லைத் தட்டிப் பார்த்தால் வலிக்காதாம். பல்லில் இருந்து வருகிற வீக்கத்துக்கு வாய்க்குள்ளே ஒரு சொத்தைப் பல் இருக்கும், தட்டினால் பிள்ளை துள்ளும், ஈறில் கொப்புளமும் இருக்கலாம் என்றார். அதையும் சொல்லிவிட்டு, ஆனால் வீட்டில வச்சு நீங்களே தீர்மானிக்காதேங்கோ, எங்களிட்டக் கொண்டு வாங்கோ, வாய் திறக்க ஏலாமல் வந்தால், எச்சில் விழுங்க ஏலாமல் வந்தால், ஒரு மணித்தியாலமும் நிக்காதேங்கோ என்றும் சொன்னார். உன் புஷ்பா மெல்ல முடியாமல் இருக்கிறாள் என்று நீ எழுதியிருக்கிறாயே, வாயைத் திறக்க முடிகிறதா இல்லையா என்று எழுதவில்லை. காலையில் இருந்து எனக்கு அதே யோசனைதான்.

இந்தக் கடிதம் கைக்கு வரும்போது வீக்கம் இறங்கியிருந்தாலும் ஏமாந்துவிடாதே, எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிய பயம். சில பிள்ளைகளுக்குச் சீழ் ஈறைத் துளைத்துக்கொண்டு வாய்க்குள் வடிந்துவிடுமாம், கன்னம் வற்றிவிடும், பிள்ளை சிரிக்கும், தங்கம் குணப்படுத்திவிட்டது என்று உன் மாமியார் கோயிலுக்குப் பொங்கல் வைப்பார்கள். வைக்கட்டும், நீயும் போய்க் கும்பிடு, கும்பிட்டுவிட்டு அப்படியே பிள்ளையை டொக்டரிடம் கொண்டுபோ. வேர் அங்கேயே இருக்கிறது, இன்றைக்கு இல்லாவிட்டால் இன்னொரு நாள் வரும். அந்தச் சங்கிலியைக் கழற்றிவிடு. கழற்ற முடியாமல் போயிருந்தால் மாப்பிள்ளைக்கு ஆகாது என்று பார்க்காமல் வெட்டச் சொல். உன் அம்மா சங்கிலியை வெட்டி நான் என்ன ஆகிவிட்டேன், கடைக்குப் போகிறேன், உன் அம்மாவிடம் ஏச்சு வாங்குகிறேன். ஒருவேளை அது நிஜமாகவே பொன்னுக்கு வீங்கியாக இருந்துவிட்டால் நல்லதாகப் போயிற்று, லயத்தில் உள்ள அத்தனை பேரும் சேர்ந்து என்னைச் சிரிக்கட்டும், நான் இங்கே இருந்து கும்பிட்டு ஏற்றுக்கொள்கிறேன்.

போன தீபாவளிக்கு நீ அனுப்பிய போட்டோவை உன் அம்மா இன்று மத்தியானம் அலுமாரியில் இருந்து எடுத்துப் பார்த்தாள். புஷ்பா வாயைக் கையால் பொத்திக்கொண்டு நிற்கிறாள். கூச்சம், சித்தியை உரித்து வைத்திருக்கிறது என்று அப்போது சொல்லிச் சிரித்தோம். இன்றைக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை. நீ கப்பல் ஏறிய பிறகு அங்கே பிறந்த பிள்ளை, நான் ஒரு நாள் தூக்கியதில்லை, அவள் குரல் எப்படி என்றுகூடத் தெரியாது. தெரியாத பிள்ளைக்கு இப்படிப் பயப்படுவார்களா என்று உன் அம்மாவைக் கேட்டேன், தெரிஞ்ச பிள்ளைக்குப் பயப்படுறத விட அதிகமாத்தான் பயப்படுவாங்க என்றாள்.

அப்புறம் ஒன்று. கப்பலில் வருகிறவர்களிடம் கித்துள் கருப்பட்டி கொடுத்தனுப்பச் சொல்லியிருந்தாய். அனுப்ப மாட்டேன், கோபித்துக்கொள். வறுத்த கச்சான் கடலையும் பாசிப்பயறும் அனுப்புகிறேன். நீ இங்கே இருந்த கடைசிக் காலத்தில் கூப்பனுக்குக் கிடைத்த சீனி தேத்தண்ணிக்கே காணாது, பிள்ளைகள் அவித்த மரவள்ளிக் கிழங்கும் தேங்காய்ச் சம்பலும் தின்று வளர்ந்தார்கள், பஞ்சம் என்று அழுதோம், ஆனால் ஒரு பிள்ளைக்காவது பல் கறுத்து நான் பார்த்ததில்லை. இப்போது கடையில் சீனி மூட்டை மூட்டையாக வருகிறது, வாசலிலேயே டொபி மிட்டாய்ப் போத்தல் வரிசை, ஸ்கூல் விட்டு வருகிற பிள்ளைகள் வாயைத் திறந்தால் பாதிப் பேருக்குக் கறுப்பு. நிறுத்துக் கொடுக்கிற கைதானே, சம்பளம் அதில்தானே வருகிறது, என்னால் என்ன சொல்ல முடியும். இனிப்பே கூடாது என்று அந்த யாழ்ப்பாணத்துப் பையனும் சொல்லவில்லை. சாப்பாட்டோடு சேர்த்து ஒரு தரம் சாப்பிட்டு வாயைக் கொப்பளித்தால் அவ்வளவு மோசமில்லையாம், நாள் பூராவும் கன்னத்தில் வைத்து உறிஞ்சுவதும், போத்தலைச் சப்பிக்கொண்டே தூங்குவதும்தான் பல்லை அரிக்குமாம். அதனால் கைக்குழந்தைக்கு இப்போதே பழக்காதே. உன் பால் இருக்கும் வரைக்கும் அதைக் கொடு, போத்தலில் சீனிப் பாலோ தேத்தண்ணியோ வேண்டாம், தூங்கப் போகும்போது அழுதால் தூக்கி வைத்துக்கொள், மாப்பிள்ளையைத் தூக்கச் சொல், அவருக்கும் கை இருக்கிறதே. விழப்போகிற பல்தானே என்ற பேச்சை யார் பேசினாலும் என்னிடம் அனுப்பு, அந்தப் பல்லுக்குக் கீழேதான் புதுப் பல் காத்துக்கொண்டிருக்கிறது.

இங்கே போத்தலைப் பிடுங்கியபோது யோகு கொஞ்ச நாள் வீட்டை இரண்டாக்கினான். கமலம் வெறும் தண்ணீரை ஊற்றி வைத்தாள், ஏமாற்றுகிறாள் என்று தெரிந்ததும் தூக்கி எறிந்துவிட்டான், இப்போது கோப்பையில் குடிக்கிறான். கரியும் செங்கல் தூளும் போட்டு நாம் விரலால் தேய்ப்போமே, அதை நிறுத்தியாயிற்று, தூள் பட்டுப் பட்டுப் பல்லே தேய்ந்துவிடுமாம். சின்னதாக மெத்தென்ற பிரஷ் வாங்கி, படுக்கப் போகுமுன் அவன் தலையை என் மடியில் வைத்து நானேதான் தேய்த்துவிடுகிறேன், பிள்ளைகளுக்குத் தாமாகத் தேய்க்கக் கை வணங்காது. அவன் என் விரலைக் கடிப்பான், மிச்சம் இருக்கிற பல் எல்லாம் நல்ல பலமாகத்தான் இருக்கிறது. தேய்த்த பிறகு தண்ணீரைத் தவிர ஒன்றும் கிடையாது. உன் அம்மா ஆரம்பத்தில் ஒரு துண்டு கருப்பட்டியை எனக்குத் தெரியாமல் கொடுக்கப் பார்த்தாள், நான் அந்தத் தழும்பைக் காட்டினேன், கருப்பட்டியை டப்பாவிலேயே திரும்பப் போட்டுவிட்டாள்.

மற்றச் சேதிகள் எழுத மனம் ஓடவில்லை. கமலத்தின் வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு. அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைப்போல்தான். வெட்டிய சங்கிலியை ஒட்டித் தர ஆசாரி ஒருவர் சரி என்றார், உன் அம்மாதான் வேண்டாம் என்கிறாள், மஞ்சள் கயிறே போதுமாம். சித்திரை வருடப் பிறப்பு வருகிறது, பணியாரம் சுடுவோம், பிள்ளைகளுக்குச் சாப்பாட்டோடு மட்டும் கொடுப்போம் என்று வீட்டில் முடிவு.

உன் மாமியாரோடு சண்டைக்குப் போகாதே. அவர்கள் பிள்ளை மேல் ஆசையால்தான் சொல்கிறார்கள், ரத்தினம்மாவும் உன் அம்மாவும் அப்படித்தான் சொன்னார்கள். ஆத்தா கோபிப்பாள் என்றால் என் பெயரைச் சொல், கோபத்தை எல்லாம் கண்டியில் இருக்கிற பழனியாண்டி வாங்கிக்கொள்வதாகச் சொல். மாப்பிள்ளை தயங்கினால் இந்தக் கடிதத்தை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல், சங்கிலியை வெட்டிய இடத்தை இரண்டு தரம் படிக்கச் சொல். அவர் வேலைக்குப் போயிருந்தால் வரும்வரை காத்திருக்காதே.

மாப்பிள்ளைக்கும் சம்பந்தியம்மாவுக்கும் எங்கள் கும்பிடு. சின்னவனுக்கு முத்தம். புஷ்பா வயது போய்ப் பேரன் பேத்தி எடுத்து நிறைந்த பல்லோடு கரும்பு கடிக்க வேண்டும் என்று உன் அம்மா சொல்லச் சொல்கிறாள், நானும் அதைத்தான் முருகனிடம் கேட்டிருக்கிறேன். பதில் கடிதம் எழுதி நாளைக் கடத்தாதே, தந்தி அடி, பிள்ளை வாய் திறக்கிறாள் என்று மட்டும் இருந்தால் போதும், அது வரும்வரை தபால்காரன் சைக்கிளைக் கண்டாலே நான் வாசலுக்கு ஓடுவேன். கடைசியாக ஒன்றை மறந்துவிடாதே. டொக்டர் உள்ளே கூப்பிடும்போது புஷ்பாவை வேறு யார் கையிலும் கொடுத்து அனுப்பாதே, நீயே போய்த் தலையைப் பிடித்துக்கொள். பயமாகத்தான் இருக்கும். பயம் தெளியட்டும் என்று நின்றால் அது தெளியாது, நேரம்தான் போகும். பயந்துகொண்டே பிடித்துக்கொள் மகளே, நான் அப்படித்தான் பிடித்தேன்.

இப்படிக்கு,
உன் தந்திக்காக வாசலைப் பார்த்திருக்கும் அப்பா,
கா. பழனியாண்டி